மோட்டார் சைக்கிளுக்கு நெற்றி எது?

மோட்டார் சைக்கிளுக்கு நெற்றி எங்கே இருக்கிறது?

சிரிக்க வேண்டாம். வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. பசுவுக்கு நெற்றி எது என்று எனக்குத் தெரியும். தையல் இயந்திரத்துக்கு எது என்றுகூடத் தெரியும். சரஸ்வதி பூசைக்கு வருடந்தோறும் பொட்டு வைக்கிறேன்; ஒரு தடவைகூடத் தவறி ஊசியில் வைத்ததில்லை. ஆனால் மோட்டார் சைக்கிள்? இரண்டு நாளாக யோசித்தும் விடை கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால், முடி இறக்க மாத்தளை அம்மன் கோயிலுக்குப் போகும் என் மகன், பலக்கடுவை ஏற்றத்தில் பின்பக்கமாக உருள நேரிடும். அதனால்தான் கேட்கிறேன்.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேனே.

பத்திரிகையில் என்னுடைய இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு எங்கள் வீட்டு மாஸ்டரைத் தெரியும். என் கணவர்தான். கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் படிப்பிக்கிறார். நாங்கள் யாழ்ப்பாணத்தார், உத்தியோகம் எங்களை இந்த மலைக்குக் கொண்டுவந்து போட்டது. குடையும் நடையுமாக நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போய்வந்த மனிதர், ஒரு நாள் மாலை கண்கள் மின்ன வீட்டுக்கு வந்தார். தெல்தெனியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்புகிறாராம். அவருடைய மோட்டார் சைக்கிள் விலைக்கு வருகிறதாம். பக்கத்தில் ஆள் உட்கார, தொட்டில் மாதிரி ஒரு சைட்காரும் உண்டாம்.

"பெரிய யுத்தத்துக்குப் போய்வந்த வண்டி, தெரியுமோ?" என்றார், ஏதோ தானே யுத்தத்துக்குப் போய் வந்தவர் போல.

யுத்தத்துக்குப் போய்வந்த மனிதர்கள் இரண்டொருவரை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் ஏற்றம் ஏறுகிற நிலையில் இல்லை. இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ? சொல்லியிருந்தால் மட்டும்...?

ஆனால் வண்டி வீட்டுக்கு வந்த நாளைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டும். தெல்தெனியாவிலிருந்து திகன, குண்டசாலை, மகாவலி எல்லாம் தாண்டிக் கண்டி வரைக்கும் ஒரு தும்மல் இல்லை, ஓர் இருமல் இல்லை. வாசலில் நின்று கர்ஜித்தது. அடுத்த வீட்டுக் கோழிகள் கூரை ஏறின. மாஸ்டர் புழுதி பூசிய முகத்தோடு இறங்கினார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: வந்தபோது வண்டி நன்றாகத்தான் ஓடியது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பேரனின் முடி இறக்குதலுக்காக ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமி, மாஸ்டரின் அம்மா, வண்டியைத் தலையிலிருந்து வால் வரை பார்த்தார்.

"தம்பி, புது வாகனம். சும்மா எடுத்து ஓடப்படாது."

"புதுசில்லை அம்மா. யுத்த காலத்துப் பழசு."

"அப்ப இன்னும் மோசம். எத்தினை செத்தவீடு கண்டுதோ! பிள்ளை, சந்தனக்கட்டையைக் கொண்டா. ரெண்டு தேசிக்காயும் கொண்டா."

எலுமிச்சங்காய் இரண்டும் சக்கரச் சில்லுகளுக்கு அடியில் போய்விட்டன. அதில் சிக்கல் இல்லை. பொட்டு எங்கே வைப்பது? நான் முன் விளக்கைக் காட்டினேன்.

"உது கண்ணெல்லோ? கண்ணுக்கை ஆரும் சந்தனம் அப்புவினமே?"

கைபிடி?

"உது கொம்பு."

முன் சில்லின் மேல் தகடு?

"சேறு படுற இடம். உனக்கு விசரே, பிள்ளை?"

இரண்டு முறை வண்டியை வலம் வந்த மாமி, பெட்றோல் தாங்கியின் உச்சியில் இருந்த பித்தளை மூடியைக் கண்டு நின்றார். வட்டமான மூடி. பளபளப்பான மூடி. அதன் சரி நடுவில் சின்னதாக ஒரு குழி. குழிக்குள் ஊசி முனை அளவில் ஒரு துளை.

"இதுதான் நெத்தி. பார், வெள்ளைக்காரன் பொட்டுக்கெண்டே குழி விட்டிருக்கிறான்!"

மாஸ்டர் மோதிர விரலால் சந்தனத்தைக் குழைத்து, குழி நிரம்ப வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்தார். சயன்ஸ் மாஸ்டர்தான். தம்முடைய கையாலேயே.

அன்று பின்னேரம் வாவியைச் சுற்றி வெற்றி உலா. பாதி வட்டத்தில் வண்டி நின்றுவிட்டது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வருபவரைக் கண்டதும், பக்கத்து வீட்டு டாக்டரின் கார் ஓட்டும் முத்தையா ஓடிவந்தார். தோட்டத்தில் பிறந்து, லொறியில் வளர்ந்து, காருக்கு வந்தவர்.

"தள்ளிக்கங்க ஐயா. மொதல்ல பெட்றோல் இருக்கான்னு பாப்போம்." மூடியைத் திறந்தார். 'உஸ்' என்று ஒரு பெருமூச்சுக் கேட்டது. "நெறையத்தான் இருக்கு." மூடியைத் திருப்பிப் பூட்டினார். பிறகு பிளக்கைக் கழற்றி, ஊதி, வேட்டித் தலைப்பால் துடைத்து மாட்டினார். ஒரே உதை. வண்டி கர்ஜித்தது.

"பிளக்குல கரிங்க. நம்ம கை பட்டா ஓடாம இருக்குமா?"

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகிற வழியில் திரும்பவும் நின்றது. அந்த நேரம் பார்த்து, திகனவில் கடை வைத்திருக்கும் காதர் நானாவின் லொறி கண்டிச் சந்தைக்கு வந்துகொண்டிருந்தது.

"மாஸ்டர், பெட்றோல் ஈக்கிதா?" மூடியைத் திறந்தார். 'உஸ்'. "ஈக்கிதே!" பூட்டினார். பிறகு மக்னீட்டோ என்னும் உறுப்பைக் கைக்குட்டையால் குழந்தைக்குத் தலை துவட்டுவது போலத் துவட்டினார். ஒரே உதை.

"ஈரம் மாஸ்டர், ஈரம். பிளக்குண்டு செல்லினது முத்தையாவா? அவருக்கு வண்டி ஓட்டத் தெரியும், சுகமாக்கத் தெரியாது."

அதற்கடுத்த முறை நின்றபோது மாஸ்டர் யாரையும் கூப்பிடவில்லை. படித்த மனிதர் அல்லவா? கார்புரேட்டரைக் கழற்றி, மகன் தவழும் பாயில் துண்டு துண்டாகப் பரப்பினார். மகன் ஒரு திருகாணியை வாயில் போட்டுக்கொண்டான். நான் வாய்க்குள் விரல் விட்டு எடுக்க, அவன் அழ, மாமி என்னைப் பார்க்க... எல்லாம் திரும்பப் பூட்டிய பிறகும் ஒரு சின்ன வளையம் மிஞ்சியது.

"உது தேவையில்லாதது" என்றார் மாஸ்டர். யுத்தம் முழுவதும் அந்த வளையம் சும்மா கூடவே போய்வந்திருக்கிறது போலும்! பெட்றோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தார்... 'உஸ்'... ஒரே உதை. ஓடியது.

இப்படி எங்கள் தெருவில் மூன்று கட்சிகள் உண்டாயின. பிளக் கட்சி, மக்னீட்டோ கட்சி, கார்புரேட்டர் கட்சி. மூவரும் வெவ்வேறு இடத்தில் கை வைத்தார்கள். மூவர் கைக்கும் வண்டி ஓடியது. ஒன்றரை மைல், இரண்டு மைல் போனதும் மூவரையும் சமமாகக் கைவிட்டது. நான்காவது கட்சி மாமியுடையது. ஒரே அங்கத்தினர்தான், ஆனால் பெரும்பான்மை அவருக்கே.

"கண்ணூறு. பொட்டு காணாது."

எனவே அடுத்த வெள்ளி பொட்டு பெரிதாயிற்று. அதற்கடுத்த வெள்ளி இன்னும் பெரிது. நானும் பக்தியோடு அரைத்துக் கொடுத்தேன்.

மாத்தளைப் பயணத்துக்கு ஒத்திகை பார்க்க வேண்டும் என்றார் மாஸ்டர். என்னையும் மகனையும் சைட்காரில் ஏற்றிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை குண்டசாலைப் பக்கம் புறப்பட்டார். வழியில் இரண்டு தடவை நின்று, மூடியைத் திறந்து பார்த்துக் கார்புரேட்டரைத் தட்டியதும் ஓடியது. ஆற்றைத் தாண்டி ஒரு ஏற்றம். ஏற்றத்தின் நடுவில் வண்டி இரண்டு முறை விக்கியது. நின்றது. அது மட்டும் என்றால் பரவாயில்லை... மெல்லப் பின்னால் உருளத் தொடங்கியது.

பிரேக்? அதற்கும் யுத்தத்தில் காயம் பட்டிருக்க வேண்டும்.

"ஆடாமல் இரும்!" என்று கத்தினார் மாஸ்டர். அதே மூச்சில், "குதியும்!" என்றும் கத்தினார்.

கணவன் சொல் தட்டாதவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. ஆடாமல் குதிப்பது எப்படி என்று என்னைப் படிப்பித்த பாதிரியார் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை. மகனை மார்போடு இறுக்கிக்கொண்டு கண்ணை மூடினேன். தெருவோர மண்மேட்டில் சைட்கார் முட்டி நின்றது. கண்ணைத் திறந்தால், மேட்டுக்கு அந்தப் பக்கம் கீழே வயல். எவ்வளவு கீழே என்று நான் பார்க்கவில்லை. மகன் கைதட்டிச் சிரித்தான். அவன் அப்பாவின் பிள்ளை.

பின்னால் வந்த லொறியிலிருந்து காதர் நானா குதித்து ஓடிவந்தார்.

"யா அல்லாஹ்! மாஸ்டர், பச்சப் புள்ளய வச்சிக்கிட்டு இது என்ன வெளாட்டு? எறங்குங்க தங்கச்சி, மெதுவா..." என்னை இறக்கிவிட்டு, சில்லுக்குக் கல் வைத்து, மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "நான் செல்லல்லயா, மக்னீட்டோ!" என்றார். துவட்டினார். வண்டி ஓடியது. அவர் லொறியைத் திருப்ப, நானும் மகனும் அதில், அரிசி மூட்டைகளுக்கு மத்தியில், பத்திரமாக வீடு வந்தோம்.

வீட்டில் நான் சொன்னது ஒரே வாக்கியம்: "இஞ்சாருங்கோ, மாத்தளைக்கு ரயில் ஓடுதுதானே?"

"பள்ளிக்கூடத்திலை எல்லாருக்கும் சொல்லிப்போட்டன், பெண்சாதி பிள்ளையை மோட்டார் சைக்கிளிலை கூட்டிக்கொண்டு போறனெண்டு."

"ஓம், ஆனால்..."

"நீர் என்னை நம்பேல்லை."

ஆண்கள் இந்த வாக்கியத்தை எங்கே படிக்கிறார்கள்? இதற்கு விடை 'ஓம்' என்றாலும் தப்பு, 'இல்லை' என்றாலும் சைட்காரில் ஏற வேண்டும். அடுப்படிக்குப் போனேன். அவரை நம்பாமல் இல்லை. ஆனால் அவர் நம்புகிறவற்றையெல்லாம் நானும் நம்ப வேண்டுமா? தாயாக இருப்பது சரியா, மனைவியாக இருப்பது சரியா என்று தேங்காயைத் துருவிக்கொண்டே யோசித்ததில், கறிக்கு வேண்டியதைவிட இரண்டு மடங்கு துருவிவிட்டேன்.

மறுநாள் காலை மகன் பாலுக்கு அழுதான். தகரத்தில் அடைத்து வரும் ரின்பால் பேணி ஒன்றைப் புதிதாக எடுத்து, ஆணியால் ஒரு துளை போட்டுக் கவிழ்த்தேன். அவசரத்தில் ஒரு துளையோடு விட்டுவிட்டேன். பால் ஒரு சொட்டு விழுந்தது... இன்னொரு சொட்டு... நின்றுவிட்டது. பேணி நிறையப் பால் இருக்கிறது. வெளியே வரவில்லை. பிள்ளை பெற்ற எவளுக்கும் தெரிந்த விஷயம்தானே? எதிர்ப்பக்கத்தில் இன்னொரு துளை போட்டேன். 'உஸ்'. பால் நூல் போல இறங்கியது.

'உஸ்'?

பேணி கையில் இருக்க, யன்னல் வழியே வாசலைப் பார்த்தேன். மோட்டார் சைக்கிள் அங்கே நின்றது. நெற்றி நிறையச் சந்தனம், நடுவே குங்குமம், சுமங்கலியாக.

பிளக்கைத் தொடுமுன் முத்தையா எதைத் திறந்தார்? மக்னீட்டோவைத் துவட்டுமுன் காதர் நானா எதைத் திறந்தார்? மூடியைத் திறந்ததும் காற்று உள்ளே போனது, பெட்றோல் இறங்கியது, வண்டி ஓடியது. மூடியைப் பூட்டினால் இரண்டு மைலில் உள்ளே காற்று போதாமல் பெட்றோல் நின்றது. வெள்ளைக்காரன் அந்தக் குழியைப் பொட்டுக்காக விடவில்லை. வண்டி மூச்சு விடுவதற்காக விட்டிருக்கிறான். நாங்கள் வெள்ளிதோறும் அதன் மூக்கை அடைத்து, மூச்சு விடவில்லையே என்று அழுதிருக்கிறோம்.

மகனுக்குப் பால் கொடுத்துவிட்டு, கொண்டை ஊசியோடு வாசலுக்குப் போனேன். அக்கம்பக்கம் பார்த்தேன். 'பிள்ளையாரே, பொட்டைக் கலைக்கவில்லை. நடுவில் ஒரு சின்னத் துளைதான்' என்று சொல்லிக்கொண்டு ஊசியை விட்டேன். காய்ந்த சந்தனம் பொடியாக உதிர்ந்தது. நீண்ட 'உஸ்' ஒன்று கேட்டது. என்னுடையதா, வண்டியுடையதா என்று தெரியவில்லை.

அன்று பின்னேரம் மாஸ்டர் தெல்தெனியா வரை போய்த் திரும்பினார். எங்கும் நிற்கவில்லை!

"கார்புரேட்டர்" என்றார் மாஸ்டர். "பிளக்குங்க" என்றார் முத்தையா. வாழைக்குலையோடு வந்து எட்டிப் பார்த்த காதர் நானா, "மக்னீட்டோ காஞ்சிட்டுது" என்றார். மாமி பொட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், உள்ளே போனார். வென்றவர்கள் அதிகம் பேசுவதில்லை.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். திறந்து பார்த்தேன். நேராக அல்ல, அவ்வளவு துணிச்சல் இல்லை.

"இஞ்சாருங்கோ, ரின்பால் பேணிக்கு ரெண்டு ஓட்டை போட்டால்தானே பால் வருது? ஏன்?"

மாஸ்டரின் முகம் மலர்ந்தது. என்னிடமிருந்து சயன்ஸ் கேள்வி வந்தது கலியாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. காற்றமுக்கம் பற்றி, வெற்றிடம் பற்றி, உள்ளே போகும் காற்றுக்கு ஏற்பத்தான் திரவம் வெளியே வரும் என்பது பற்றி, சோறு ஆறும் வரை விளக்கினார். தரையில் படமும் கீறினார். அத்தனையும் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு, பொட்டுக்குப் பக்கத்தில் முழங்கையை ஊன்றிக்கொண்டு!

"விளங்கிச்சுதோ?"

"எனக்கு விளங்கிச்சுது" என்றேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. வண்டி ஓடுகிற மகிழ்ச்சியில் இரட்டைப் பொட்டு. சனிக்கிழமை விடிந்ததும் நான், கொண்டை ஊசி, பிள்ளையார். சொந்த வீட்டு வாசலில் வாரம் தவறாமல் களவு செய்கிற குடும்பப் பெண் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நேராகச் சொல்லிவிடலாம். அப்புறம் என்ன ஆகும்? மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் காற்றமுக்கம் படிப்பிக்கும்போதெல்லாம் கொண்டை ஊசி ஞாபகம் வரும். அதையாவது தாங்குவார். மாமியோ, "சுவாமிக்கு வைச்ச சந்தனத்தாலை வண்டி நிண்டதெண்டு மருமகள் சொல்லுறாள்" என்று ஊர் முழுவதும்... அதையும் நான் தாங்குவேன். தாங்க முடியாதது வேறு. என் சொல்லைக் கேட்டுப் பொட்டை நிறுத்திவிட்டு, அதற்குப் பிறகு போகிற வழியில் என் பிள்ளைக்கு ஒன்று நடந்தால்? துளையைத் திறந்தது நான். காப்பை எடுத்ததும் நான்தானே? படித்தவள் இப்படிப் பேசலாமா என்று கேட்காதீர்கள். படித்தவளையும் தாயையும் ஒரே சைட்காரில் ஏற்றினால் யார் வாயை மூடுவாள் என்று எனக்குத் தெரியாது.

வாரக் களவோடு காலத்தை ஓட்டலாம் என்றுதான் இருந்தேன். முந்தாநாள் மாமி அந்த வழியையும் அடைத்துவிட்டார்.

"பயணத்துக்கு நாள் வைச்சாச்சு. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்ட பிறகு வாற முதல் புதன். எல்லாரும் ஏறி இருங்கோ. புறப்படேக்கை நானே என்ரை கையாலை பொட்டு வைப்பன். கோயில் சந்தனம், நல்லாக் குழைச்சு."

புரிகிறதா? எல்லோரும் ஏறிய பிறகு. எல்லோர் கண் முன்னாலும். மடியில் பிள்ளை, கையில் அருச்சனைத் தட்டு. மாமி ரயிலில் பின்னால் வருவாராம். கொண்டை ஊசிக்கு இடம் எங்கே? கட்டுகஸ்தோட்டை தாண்டுமுன் ஒன்றரை மைல் முடிந்துவிடும். நின்ற இடமெல்லாம் மூடியைத் திறந்து பூட்டி, பிளக்கைத் துடைத்து, அக்குறணைக் கடைத்தெரு தாண்டி, கடைசியாகப் பலக்கடுவை ஏற்றத்தின் நடுவில்... அங்கே மண்மேடு இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது.

ஆகவே, வாசகர்களே, மாமிக்குக் காட்ட ஒரு நெற்றி வேண்டும். கண்ணாக இருக்கக்கூடாது, கொம்பாக இருக்கக்கூடாது, சேறு படக்கூடாது. இருக்கை கூடாது, ஏன் என்று சொல்லத் தேவையில்லை. நம்பர் தகடு கூடாது, பொலிஸ் பிடிக்கும். பெட்றோல் மூடிக்குப் பக்கத்தில் எண்ணெய்க்கு ஒரு மூடி இருக்கிறது; அதிலும் பாழாய்ப்போன ஒரு துளை. மாமியும் ஏற்க வேண்டும், வண்டியும் மூச்சுவிட வேண்டும். அப்படி ஓர் இடம் தெரிந்தவர்கள் எனக்கு உடனே எழுதுங்கள். மாஸ்டர் கண்ணில் படுமோ என்ற கவலை வேண்டாம். இந்தப் பக்கம் எங்கள் வீட்டில் வந்தவுடன் கிழிபடுகிறது, மக்னீட்டோ துடைக்க.

யாருக்கும் தெரியாவிட்டால் ஓர் உதவி: பலக்கடுவைப் பக்கம் இருக்கிறவர்கள் அந்தப் புதன்கிழமை காலை, பெரிய கல் ஒன்றோடு ஏற்றத்தில் நிற்க முடியுமா?